ஆறடிக் காது

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் உற்றார் உறவினர் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: நம் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள், பன்னிரண்டு ஆண்டுகள் நாணயமாக உழைத்து, நேற்றுக் காலை ஏழு பத்துக்கு, அப்பா உள்ளே இருக்கும்போதே இறுகி உயிர் நீத்தது. அன்னார் தமக்குப் பின் இரண்டு திருகாணிகளை விட்டுச் சென்றிருக்கிறார். நாற்பது நிமிடம் கழித்துக் கதவை உடைத்து வெளியே வந்த அப்பா, முதலில் முறைத்தது என்னைத்தான். சத்தியமாக இந்த முறை நான் இல்லை.

அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. நான் நலம், என் கணக்குப் பாடம்தான் படுத்த படுக்கையாக இருக்கிறது. உனக்குச் சளி விட்டதா?

குண்டுச் சத்தத்தில் காது போன பிள்ளைகளுக்கு நீ மெஷின் பொருத்துகிறாய், ஆனால் அதற்குப் பேட்டரி இல்லை என்று எழுதியிருந்தாயே, அதை வகுப்பில் வாசித்தேன். "எங்கேயோ சண்டை நடக்குது, நாம என்னடா பண்ண முடியும்?" என்றான் கடைசி பெஞ்சு நெட்டையன். "சண்டையை நிறுத்த உன்னை யாரும் கூப்பிடலை. பேட்டரிதான் கேக்குறாங்க" என்றேன். பலத்த கைதட்டல் (நாலு பேர்). அங்கேயே 'கேட்பார் கழகம்' உதயமானது. கேட்பாரற்றுக் கிடந்த உன் தம்பி தலைவரானான்.

கவலையை விடு. ஒரே மாதத்தில் டப்பா நிறைய வரும். தலைவர் சொன்னால் சொன்னதுதான்.

இப்படிக்கு,
உன் தம்பியும் கழகத்தின் தன்னிகரற்ற தலைவனும்

*

பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

டேய் வாலு, உன் கடிதம் வந்தது. சிரித்து நாளாகிவிட்டது. அதற்கே உனக்கு ஒரு கும்பிடு. சளி விட்டது. அம்மாவைப் படி ஏறவிடாதே. துணி காயப்போட நீ போ.

இங்கே நாங்கள் இருப்பது மூடிக்கிடந்த ஓர் அச்சகத்தின் கிடங்கு. ஜன்னல் கண்ணாடி உடைந்தாலும் சிதறாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டியிருக்கிறோம். போன் கோபுரம் விழுந்து எட்டு மாதமாகிறது. மருந்து லாரியில்தான் தபால் போகிறது, வருகிறது. மெஷின் போட்ட பிள்ளைகள் முப்பத்தொரு பேர். எல்லாருக்கும் இரண்டு காதிலும் மெஷின். பேட்டரி தீர்ந்துகொண்டே வருகிறது.

ஒருத்தியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஏழு வயது. அவளைத் தேடி இதுவரை யாரும் வரவில்லை. மெஷின் போட்டதும் அவள் முதலில் கேட்டது நாற்காலி இழுபடும் சத்தம். உடனே "கிரீச்" என்றாள். அன்றிலிருந்து எது சத்தம் போட்டாலும் திருப்பிப் போடுகிறாள். குழாய், கதவு, சமையல்காரரின் இருமல், எதுவும் பாக்கியில்லை. நான் 'எதிரொலி' என்று பேர் வைத்துவிட்டேன். நம் மொழியில் "போதும்டி" என்று நான் சொல்லி அலுத்தால், "போதும்டி" என்று அவள் என்னிடம் அலுத்துக்கொள்கிறாள். உனக்கும் அவளுக்கும் ஜோடி சேர்ந்தால் இந்தக் கட்டடம் தாங்காது.

சீக்கிரம் அனுப்புடா.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 24

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வீட்டில் அனைவரும் நலம், புதுத் தாழ்ப்பாள் உட்பட. அம்மாவுக்குப் பதிலாக நான் துணி காயப்போட்டு, அப்பாவின் சட்டை ஒன்று பறந்து எதிர்வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அவருக்கு அளவு சரியாக இருக்கிறதாம்.

இப்போது தலைப்புச் செய்தி. அறுநூற்று நாற்பது! ஆமாம், அறுநூற்று நாற்பது பேட்டரிகள். பாதி, காது மெஷின் போட்டிருக்கும் பெரியவர்கள் இருக்கிற வீடுகளில் தட்டித் தட்டி நான் வாங்கியது. மீதியைக் கடைத்தெருவில் காது மெஷின் கடை வைத்திருப்பவர் சும்மாவே கொடுத்தார். வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசி, அந்த மனுஷர் எல்லாரிடமும் கத்தியே பேசுவார். "உக்காரு தம்பி" என்றால் தெருமுனையில் போகிறவரும் உட்கார்ந்துவிடுவார்.

பள்ளி முகப்பில் உன் தம்பியின் கலைப்படைப்பு ஒன்று நிற்கிறது. ஆறடி உயரக் காது! ஆரஞ்சும் நீலமும் புள்ளி புள்ளியாக, ஒரு பேட்டரிக்கு ஒரு புள்ளி. எதனால் செய்தேன் என்பது தொழில் ரகசியம். தலைமையாசிரியை மேடையில் கூப்பிட்டு, "இளைஞர்கள் என்றால் இவனைப் போல இருக்கணும்" என்றார். போன மாதம்தான் என்னைப் போல யாரும் இருக்கக் கூடாது என்று அதே மேடையில் சொன்னார்.

டப்பா நேற்றுக் கிளம்பிவிட்டது. எதிரொலிக்கு இதைச் சொல்லிக் கொடு: "பட்டறையில பேட்டரி, பேட்டரிக்குள்ள பட்டறை." மூன்று முறை மூச்சுவிடாமல் சொல்லச் சொல். அவள் எப்படிச் சொன்னாள் என்று எழுது.

இப்படிக்கு,
காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடித்தவன்

*

ஏப்ரல் 4

அன்புத் தம்பிக்கு,

அம்மா, அப்பா, நீ எல்லாரும் நலம்தானே? நான் இருக்கிறேன்.

டப்பா முந்தாநாள் வந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் எதிரொலிதான், இடித்துத் தள்ளிக்கொண்டு. போட்டேன், மூடினேன், அவள் முதுகுக்குப் பின்னால் கைதட்டினேன். திரும்பவில்லை. வேறு ஒன்று போட்டேன். அப்புறம் இன்னொன்று. பதினேழு மாற்றிப் பார்த்தேன் தம்பி. அவள் தன் காதில்தான் கோளாறு என்று நினைத்து விரலை விட்டுக் குடைய ஆரம்பித்துவிட்டாள். கையைப் பிடித்து எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு உட்கார்ந்து அறுநூற்று நாற்பதையும் சோதித்தேன். ஒன்றில்கூட உயிரில்லை.

இந்தப் பேட்டரி காற்றுப் பட்டால் வேலை செய்கிற வகை. அதன் முதுகில் ஆரஞ்சிலோ நீலத்திலோ சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பிரித்த நிமிடத்திலிருந்து ஆயுள் ஓட ஆரம்பித்துவிடும். மெஷினில் போட்டாலும் போடாவிட்டாலும் மூன்று, நாலு வாரம்தான். திரும்ப ஒட்டினாலும் பிரயோசனமில்லை. நீ அனுப்பியது எதிலும் ஸ்டிக்கர் இல்லை. வீடுகளில் தெரியாமல் பழசைக் கொடுத்திருக்கலாம். ஆனால் யாரோ பயன்படுத்திவிட்டுப் போட்டதை அந்தக் கடைக்காரரும் உன் தலையில் கட்டிவிட்டார் போலிருக்கிறது. சின்னப் பையன்தானே என்று ஏமாற்றியிருக்கிறார். உன் மேல் எனக்கு வருத்தமில்லை. நீ பட்ட பாட்டை நினைத்துத்தான் வயிறு எரிகிறது. உங்கள் தலைமையாசிரியைக்கும் எழுதியிருக்கிறேன்.

அக்கா

*

(எழுதியது, அனுப்பாதது)

ஏப்ரல் 26

அக்கா,

ஸ்டிக்கரைப் பிரித்தது நான்தான். அந்தக் காது படம் செய்ய. அறுநூற்று நாற்பதையும். எனக்குத் தெரியாது அக்கா. சத்தியமாகத் தெரியாது. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்

*

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு லேசாக இருமல்.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்குத் தலையே சுற்றிவிட்டது. நீ சொல்வது போலத்தான் இருக்கும். அல்லது வழியில் யாராவது பிரித்துப் பார்த்தார்களோ என்னவோ. லாரி வெயிலில் நின்றிருக்கும். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லையா?

கழகம் மறுபடி களத்தில் இறங்கிவிட்டது. இந்த முறை அட்டையோடு, மூடியது மூடியபடி, ஒவ்வொன்றையும் நானே பார்த்து அனுப்புவேன். ஆயிரத்துக்குக் குறைந்தால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன். 'தண்டம்' என்று வைத்துக்கொள்ளலாம், அப்பா ஏற்கெனவே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

எதிரொலி கோபமாக இருக்கிறாளா?

உன் தம்பி

*

மே 19

அன்புத் தம்பிக்கு,

அப்பாவின் இருமலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? தள்ளிப்போடாதே.

அவள் கோபமாக இல்லை. அவள் செய்வது வேறு. பேட்டரி இல்லாத மெஷினைக் காலையில் தானே எடுத்து மாட்டிக்கொள்கிறாள். என் உதட்டைப் பார்த்து அதே மாதிரி தன் உதட்டை அசைக்கிறாள், சத்தமில்லாமல். "போதும்டி" என்றுகூட அப்படித்தான். கேட்கிறது என்று எனக்குக் காட்டுகிறாளாம்.

இருக்கிற கொஞ்சத்தைப் பங்கு போடுகிறேன். புதிதாகப் பேச்சுப் பழகும் பொடியன்களுக்குக் காலைப் பாடத்துக்கு முதலில். பேச்சு ஏற்கெனவே வந்தவர்களுக்கு, மிஞ்சினால். எதிரொலிக்குப் பேச்சு வந்துவிட்டது. அதனால் அவளுக்கு மிஞ்சினால்தான். யாருக்கு, எப்போது என்று தினமும் நான்தான் முடிவு பண்ண வேண்டும். இந்த வேலைக்கு எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

சத்தம் கிட்டே வந்துகொண்டிருக்கிறது. மணி அடித்தால் கீழ்த்தளத்துக்கு ஓட வேண்டும். நேற்று மூன்று தடவை.

எவ்வளவு சேர்ந்ததோ அதை அனுப்பிவிடு. ஆயிரத்துக்குக் காத்திருக்காதே.

அக்கா

*

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அப்பாவுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு சேர்ந்தது. அட்டை பிரிக்காமல், பஞ்சு சுற்றி, மூன்று உறை போட்டு அன்றைக்கே அனுப்பிவிட்டேன். நீ சொன்னபடி காத்திருக்கவில்லை.

தலைமையாசிரியை உன் கடிதத்தைக் காலைக் கூட்டத்தில் வாசித்துவிட்டார். மறுநாள் கடைக்காரரின் ஷட்டரில் யாரோ பெயின்டில் 'செத்த பேட்டரி விற்கிறவன்' என்று எழுதியிருந்தார்கள். எழுத்து நன்றாகத்தான் இருந்தது, ஒற்றுப்பிழைகூட இல்லை. (சிரிப்பு வரவில்லை, தெரியும். எழுதும்போது எனக்கும் வரவில்லை.) அவர் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்ப்பக்கமாக நடந்து போனேன். "தம்பி! நான் புதுசுதானே குடுத்தேன்! நீயே பாத்தேல்ல!" என்று கத்தினார். ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

எதிரொலிக்கு முதலில் போடு. அந்தப் பட்டறை வாக்கியத்தைச் சொன்னாளா என்று எழுது.

தம்பி

*

ஜூலை 6

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம்தானே?

பேட்டரிகள் வந்தன. எல்லாம் வேலை செய்கின்றன. முப்பது பேருக்கும் இப்போதைக்குப் போதும். கழகத்துப் பிள்ளைகளுக்கு என் நன்றியைச் சொல். இங்கே மழை. மேற்குப் பக்க ஜன்னலுக்குப் பலகை அடித்திருக்கிறோம். சமையல்காரருக்குப் பேரன் பிறந்திருக்கிறான். அம்மா கேட்ட போர்வை அளவு பிறகு எழுதுகிறேன்.

அக்கா

*

ஜூலை 25

அக்கா,

எல்லாரும் நலம். வேறு எதுவும் எழுதவில்லை, ஒன்றே ஒன்று.

நீ முதலில் முப்பத்தொரு பேர் என்று எழுதினாய். இப்போது முப்பது. எண்ணிக்கையில் தவறா? உன் கணக்கு என் கணக்கு மாதிரி இல்லையே. யாராவது வந்து எதிரொலியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களா? அத்தையோ மாமாவோ யாராவது கிடைத்தார்களா? அப்படியென்றால் ஆமாம் என்று மட்டும் எழுது. பெரிய கடிதம் வேண்டாம்.

தம்பி

*

ஆகஸ்டு 21

தம்பி,

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டாதே. அவளுக்குத் தூக்கம் போய்விடும்.

யாரும் வரவில்லை. ஜூன் பதினான்காம் தேதி காலைப் பாடத்துக்கு இரண்டு பேட்டரி குறைந்தது. நாலு வயதுப் பையன் ஒருவன், அன்றைக்குத்தான் முதல் வார்த்தை சொல்லப் போகிறான் போலிருந்தது. அதற்கு முந்தின நாள் எதிரொலிக்கு அதிர்ஷ்டமாக மிஞ்சி, இரண்டு போட்டுவிட்டிருந்தேன். அவளைக் கூப்பிட்டு, என் கையாலேயே கழற்றி அவனுக்குப் போட்டேன். அவள் தலையைச் சாய்த்துக் காட்டினாள், எடுக்க வசதியாக.

பாடம் நடக்கும்போது மணி அடித்தது. படியில் நின்று எண்ணினேன். முப்பது. மறுபடி எண்ணினேன். அவள் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் எல்லாருடைய தம்ளரையும் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். கத்தினேன் பார், அவளிடம்.

ஓடினேன். பாதி முற்றம்தான் போக முடிந்தது.

உன் புதுப் பேட்டரிகள் பதினாறு நாள் கழித்து வந்தன.

எனக்கு எதுவும் ஆகவில்லை. கையில் மூன்று தையல். ஆனால் இனிமேல் என்னால் யாருடைய காதிலிருந்தும் எதையும் எடுக்க முடியாது, போடவும் முடியாது. இங்கே இந்த வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான், அது தெரியும். இருந்தாலும் அக்டோபர் முடிவில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். அவளைக் கொன்றது குண்டு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எடுத்தது யார் கை என்று எனக்குத் தெரியும்.

அக்கா

*

செப்டம்பர் 11

அக்கா,

அம்மா, அப்பா நலம். உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை.

எழுதிக் கொடுத்துவிடாதே. இதைப் படித்து முடித்துவிட்டு முடிவு செய். நீ எடுத்த இரண்டு பேட்டரிக்குக் கணக்குப் பார்க்கிறாய். அறுநூற்று நாற்பதை எடுத்தவன் நான்.

கடைக்காரர் கொடுத்தவை புத்தம் புதியவை. வீடுகளில் வாங்கியவையும்தான். ஆறடிக் காதைச் செய்யப் புள்ளிகள் வேண்டியிருந்தன. எல்லாவற்றையும் அட்டையிலிருந்து உருவி, ஸ்டிக்கரைப் பிரித்து, பலகையில் ஒட்டினேன். வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து, மூன்று மணி நேரம், விசில் அடித்துக்கொண்டு. அதுவும் பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு முன் முடிய வேண்டும் என்ற அவசரம். வீடு வீடாகத் தட்டியதும் நான் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். நான் பின்னால் நின்று எண்ணிக்கை எழுதிக்கொண்டேன், மேடையில் ஏறிப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். ஏப்ரலில் உன் கடிதம் வந்த அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் அவர் தலையில் பழியைப் போட்டேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ என் ஆயிரத்தை நம்பிக் காத்திருக்காமல் வேறு எங்காவது கேட்டிருப்பாய்.

நேற்றுக் காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். நெட்டையன் இப்போது என்னோடு பேசுவதில்லை. அவன் தங்கைதான் பாதி வீடுகளில் ஏறி இறங்கியவள். தலைமையாசிரியை அந்தப் பலகையை எடுக்கச் சொன்னார். நான்தான் எடுத்தேன். பிறகு கடைக்குப் போனேன். ஷட்டரில் அந்த எழுத்து இன்னும் மங்கலாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் சொன்னேன், எதிரொலியைப் பற்றியும். அவர் கத்துவார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வீட்டுக்குப் போப்பா" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாக.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதி இந்தக் கடிதத்தை முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஏப்ரலிலேயே அப்படி ஒன்று எழுதி, பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று அதில் இருக்கிறது. அது பொய் அக்கா. பெட்டியை என் கையில் கொடுக்கும்போதே அவர் சொன்னார். "ஸ்டிக்கரை மட்டும் பிரிச்சிடாதே தம்பி, பிரிச்சா செத்துடும்." இரண்டு தடவை சொன்னார். நான் படி இறங்கியதும் மூன்றாவது தடவை. அவர் குரலிலேயே அதைப் பேசிக் காட்டி, வழியெல்லாம் பையன்களைச் சிரிக்க வைத்துக்கொண்டுதான் பெட்டியைத் தூக்கி வந்தேன். தெருவே கேட்டது அக்கா. எனக்கும் கேட்டது.

உன் தம்பி